வெள்ளகவில செருப்பக் கழட்டுன கதை

கேள்வி: கடவுள் நம்பிக்கை, செய்யிற வேலை, வாழ்க்கையோட நோக்கம், இது மூணும் உங்களுக்கு எப்பவாவது ஒண்ணா சேர்ந்து வந்திருக்கா?

சேர்ந்து வந்துச்சானு தெரியலங்க, ஒரு நாள் மூணும் ஒரே எடத்துல முட்டிக்கிச்சு, அத வேணா சொல்றேன்.

நான் கொடைக்கானல் மலையில கிராம சுகாதார நர்ஸா ரொம்ப வருஷம் இருந்தவ. சொந்த ஊர் வத்தலக்குண்டு பக்கம், கிறிஸ்தவக் குடும்பம். ட்ரெயினிங் முடிச்சப்ப மதுரைல ஒரு பெரிய ஆஸ்பத்திரி, அப்பறம் துபாய், இதான் என் கணக்கு. கெடச்சது மலை. வீட்ல எல்லாரும் கவர்மெண்ட் வேலை விட்றாதனு ஒத்தக் கால்ல நின்னாங்க, எனக்கு என்னமோ தண்டனை குடுத்து அனுப்புன மாதிரி இருந்துச்சு.

கொடைக்கானல் பக்கத்துல வட்டக்கானல்ல இருந்து டால்பின் நோஸ்ங்கற பாறையத் தாண்டி கீழ எறங்குனா வெள்ளகவினு ஒரு ஊர். நான் போன காலத்துல ரோடு கெடையாது, அரிசி பருப்புல இருந்து எல்லாம் குதிரை மேலதான் போகும், காப்பி, பட்டர் ஃப்ரூட் எல்லாம் அதே குதிரைல மேல வரும். எறங்கறப்ப முட்டி போகும், ஏர்றப்ப மூச்சு போகும், மழைனா அட்டை வேற. அந்த ஊருக்குள்ள யாரும் செருப்பு போட மாட்டாங்க. வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவுல எடமே இல்லாத மாதிரி அத்தன சாமி, ஊரே கோயில்தான் அவங்களுக்கு.

மொத தடவ போலியோ சொட்டு மருந்துக்குப் போறேன். தோள்ல வேக்சின் பெட்டி, உள்ள நாலு ஐஸ் பேக். ஊர் எல்லைல ஒரு பாட்டி, தாயி செருப்பக் கழட்டிட்டு வாங்கனு தன்மையாத்தான் சொல்லுச்சு. நான் கேக்கல. பாட்டி, நான் டூட்டில வந்திருக்கேன்னு சொல்லிட்டு விறுவிறுனு உள்ள போயிட்டேன். டூட்டி பாதி காரணம்தான், மீதி என்னன்னா வேற சாமிக்கு நான் எதுக்குக் கழட்டணும்ங்கற வீம்பு. யாரும் ஒரு வார்த்தை திட்டல. ஒரு புள்ளையும் வரல.

திண்ணைல உக்காந்திருக்கேன், ரெண்டு மணி நேரம். சொட்டு மருந்து பாட்டில் லேபிள்ல ஒரு சின்ன வட்டம், அதுக்குள்ள ஒரு சதுரம் இருக்கும். சூடு ஏற ஏற சதுரம் கருத்துக்கிட்டே வரும், வட்டத்தோட கலருக்கு வந்துட்டா அந்த மருந்து குப்பைக்குத்தான். நான் அந்த சதுரத்தையே பாத்துக்கிட்டு இருக்கேன். ஜெபம் பண்ணலாம்னு கண்ண மூடுனா வாயில ஒண்ணும் வரல. திடீர்னு மோசே ஞாபகம் வந்தாரு, எரியிற முட்செடி முன்னாடி ஆண்டவர் அவர்கிட்ட மொதல்ல சொன்னதே செருப்பக் கழட்டுனுதான? ஞாயிறு மறைக்கல்வில எத்தன தடவ படிச்சது! எந்திரிச்சுப் போயி எல்லைல கழட்டி வச்சுட்டு திரும்ப வந்தேன், காலெல்லாம் கல்லு குத்துது. அந்தப் பாட்டிதான் மொத ஆளா பேத்தியத் தூக்கிட்டு வந்துச்சு. அன்னைக்கு ஒரு சுண்டு விரல் பாக்கி இல்லாம மை வச்சுட்டுத்தான் கெளம்புனேன்.

இத நான் மதம் மாறுன கதையாவோ, எல்லா சாமியும் ஒண்ணுன்னோ எழுதல. இன்னைக்கும் ஆகஸ்ட் 15 ஆனா கொடைக்கானல் சலேத் மாதா கோயில் திருவிழாவுக்கு எப்படியாவது மேல போயிடுவேன். வெள்ளகவி சாமிகள நான் கும்பிட்டதில்ல. ஆனா அவங்க எத பெருசா நெனைக்கிறாங்களோ அத மிதிச்சுக்கிட்டு உள்ள போயி, உங்க நல்லதுக்குத்தான்னு சொன்னா எந்த அம்மா புள்ளயத் தருவா?

நோக்கம்னு கேட்டா எனக்கு பெருசா ஒண்ணும் பிடிபடலங்க. அந்தப் பாதையில நடக்கறப்ப ஒரே கவலைதான், ஐஸ் உருகறதுக்குள்ள போயிடணும். தட்டம்மை ஊசி மருந்து ஒரு தடவ கலக்கிட்டா நாலு மணி நேரந்தான், அதனால புள்ளைங்க வந்து சேராம கலக்கவும் முடியாது. இந்தக் கணக்கு ஓடிக்கிட்டே இருக்கறப்ப துபாய் எப்ப மறந்துச்சுனே தெரியல. நாட்டுல கடைசி போலியோ கேஸ் 2011 ஜனவரில மேற்கு வங்காளத்துல, 2014 மார்ச் 27 அன்னைக்கு போலியோ இல்லைனு அறிவிச்சாங்க. டிவில அந்த நியூஸ் ஓடுனப்ப நான் ரிஜிஸ்டர் எழுதிக்கிட்டு இருந்தேன், மாச ரிப்போர்ட் மறுநாள் குடுக்கணும், நிமிந்து பாக்கக்கூட நேரமில்ல. ராத்திரி படுத்தப்பறம்தான் அழுகை வந்துச்சு.

போன வருஷம் திருவிழாக்குப் போனப்ப வட்டக்கானல்ல ஒரு ஜீப் டிரைவர், நர்ஸம்மா என்னத் தெரியுதானு கேட்டான். தெரியல. சட்டைக் கைய சுருட்டி இடது தோள்ல பிசிஜி, அதான் காசநோய் தடுப்பூசி, அந்தத் தழும்பக் காட்டி, நீங்க போட்டதுதான்னான். வெள்ளகவிப் பய. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேசிக்கிட்டே வந்தான், எறங்குனதும் ஜீப் காசு மட்டும் பத்து ரூபா கூட கொறைக்காம கறாரா வாங்கிட்டான்.