பிளாஸ்மா செய்த ஃபிலிம்: வாங்கும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: பிளாஸ்டிக் ஃபிலிம் ரோலின் சீட்டில் ‘பிளாஸ்மா செய்தது, கிருமி எதிர்ப்பு’ என்று இருக்கிறது. பிளாஸ்மா பட்டதாலேயே கிருமி சாகுமா?

பதில்: சாகாது. பிளாஸ்மா, அதாவது மின்சாரத்தால் மின்னூட்டம் பெற்ற வாயு, எரியும் நேரத்தில் மேற்பரப்பிலுள்ள கிருமி அழியலாம். ரோலில் சுற்றிய பிறகு அந்த வேலை தொடராது. எதையும் ஒட்டவிடாத பிளாஸ்டிக்கின் மேல் ஹைட்ராக்சில், கார்பாக்சில் போன்ற தொகுதிகளை ஏற்றிப் பூச்சைப் பிடிக்க வைப்பதுதான் அதன் பங்கு. கிருமியைக் கொல்வது அதன்மேல் பூசும் வெள்ளி, கைட்டோசான், குவாட்டர்னரி அம்மோனியம் போன்ற மருந்து. எந்த மருந்து, எந்தப் பக்கம் என்று விற்பவரால் சொல்ல முடியவில்லை என்றால் சீட்டை நம்ப வேண்டாம்.

கேள்வி: நாங்களே பூசிக்கொள்ள ரோல் வாங்குகிறோம். வந்த சரக்கை எப்படிச் சோதிப்பது?

பதில்: டைன் இங்க் போதும். மேற்பரப்பு எவ்வளவு நன்றாக நனையும் என்று காட்டும் எண்ணிட்ட மை அது; அந்த எண்தான் டைன். வெளிச்சுற்றுகள் சிலவற்றை வெட்டி எறிந்துவிட்டு, கை படாத இடத்தில், இரு ஓரங்களிலும் நடுவிலும் தனித்தனியாகப் பாருங்கள். 38 டைனில் தொடங்குங்கள். மெல்லிய கோடு 2 நொடி உடையாமல் நின்றால் அடுத்த எண்ணுக்கு ஏறுங்கள். அதற்குள் முத்து முத்தாகத் திரண்டால் இறங்குங்கள். பேனா வசதிதான், ஆனால் அதன் முனை ஃபிலிமிலுள்ள வழுக்குப்பொருளை உறிஞ்சிக்கொண்டு நாளடைவில் தப்பான எண் காட்டும். புட்டி இங்க், ஒவ்வொரு முறையும் புதுப் பஞ்சுக்குச்சி என்பதே பாதுகாப்பு. பல இங்குகளில் ஃபார்மமைடு இருக்கிறது. அது கருவுக்குக் கேடு. கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம்.

பிளாஸ்மா படாத பாலிஎத்திலீன் சுமார் 31, பாலிபுரோப்பிலீன் சுமார் 30 காட்டும். இவற்றில் நீர்ப்பூச்சுக்குக் குறைந்தது 42 வேண்டும். பாலியெஸ்டரோ ஒன்றும் செய்யாமலே 42-ஐ ஒட்டி நிற்கும். அதில் ‘42 டைன் உத்தரவாதம்’ என்று எழுதித் தந்தால் அது வெறும் காகிதம்தான். பின்பக்கத்தையும் சோதியுங்கள். உருளைக்கும் ஃபிலிமுக்கும் நடுவே காற்று சிக்கினால் அங்கும் பிளாஸ்மா பட்டுவிடும். அப்புறம் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிக்க முடியாமல் போகும்.

கேள்வி: டைன் 56 காட்டியது. ஆனாலும் ஈரத்துணியால் துடைத்ததும் பூச்சு வந்துவிட்டது. ஏன்?

பதில்: எண் அதிகம் என்பதே இங்கே சந்தேகத்துக்குரியது. அளவுக்கு மீறிப் பட்டால் பாலிமர்ச் சங்கிலிகள் துண்டாகி, நீரில் கரையும் சிறு துணுக்குகளாக மேலே படியும். இங்க் அதில் நன்றாகப் பரவும். பூச்சோ தூசி மேல் பூசியது போல, அந்தப் படலத்தோடு சேர்ந்தே போய்விடும். உறுதிசெய்ய, பூசாத துண்டைக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, உலர்த்தி மறுபடி அளவிடுங்கள். எண் மளமளவென்று சரிந்தால் மிகையாகப் பட்டிருக்கிறது.

அடுத்த முறை ஆர்டரில் டைனை மட்டும் எழுதாமல் ஆற்றல் அளவையும் கேளுங்கள்: மின்திறனை, அகலத்தையும் வேகத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 2,000 வாட், 1 மீட்டர் அகலம், நிமிடத்துக்கு 50 மீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 40 வாட்-நிமிடம். இந்த எண் இருந்தால், சரியாக வந்த ரோலை மறுபடியும் அதே போலக் கேட்டு வாங்கலாம்.

திறந்த காற்றில் உயர் மின்னழுத்த மின்னிறக்கத்தால் செய்யும் ‘கொரோனா’ முறையையே பிளாஸ்மா என்று விற்பவர்களும் உண்டு; எந்த வாயு என்று கேட்டால் தெரிந்துவிடும். சாதாரணப் பாலிஎத்திலீனுக்குக் கொரோனாவே பெரும்பாலும் போதும், கூடுதல் விலை வீண். டெஃப்லான் போன்ற ஃப்ளோரோபாலிமருக்கோ, அமீன் தொகுதி வேண்டி அம்மோனியா வாயுவில் செய்வதற்கோ கொடுக்கலாம்.

கேள்வி: ‘99.9% கிருமி நீக்கம்’ சான்றிதழில் எதைப் பார்ப்பது?

பதில்: ஐ.எஸ்.ஓ. 22196 என்றிருந்தால் சோதனை இப்படி: 5 சென்டிமீட்டர் சதுரத் துண்டு, அதன்மேல் 0.4 மில்லிலிட்டர் பாக்டீரியா நீர், மேலே ஒரு மூடுபடலம், 35 டிகிரி, 90 சதவீதத்துக்குக் குறையாத ஈரப்பதம், 24 மணி நேரம். கிருமி எத்தனை முறை பத்தில் ஒன்றாகக் குறைந்தது என்பதே முடிவு எண்: 2 என்றால் 99%, 3 என்றால் 99.9%. உலர்ந்த பரப்பில் விரல் பட்ட சில நிமிடங்களில் என்ன ஆகும் என்பதை இது சொல்லாது. வைரஸைப் பற்றியும் பேசாது, அதற்கு ஐ.எஸ்.ஓ. 21702 தனி. ஒப்பீட்டுக்கு வைத்த துண்டு பிளாஸ்மா செய்து மருந்து பூசாததா என்று கேளுங்கள். துடைத்த பிறகும் சோதித்தார்களா என்பது அதைவிட முக்கியம்.

கிருமி வளர்த்த தட்டில் துண்டைச் சுற்றித் தெளிந்த வளையம் காட்டும் படத்தைச் சிலர் அனுப்புவார்கள். மருந்து கசிகிறது என்பதற்குத்தான் அது சாட்சி. கசியும் மருந்து ஒருநாள் தீரும். உணவு படும் ஃபிலிமானால், மருந்து உணவில் எவ்வளவு இறங்குகிறது என்ற அறிக்கையும் வேண்டும்.

கேள்வி: மலிவாகக் கிடைக்கும்போது மொத்தமாக வாங்கி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். எருகமைடு போன்ற வழுக்குப்பொருள் மெல்ல மேலே ஏறி டைனை இறக்கும். கிடங்கில் வெப்பம் கூடினால் இன்னும் வேகமாக. பூசும் நாளன்று மறுபடி அளவிடுங்கள். இறங்கியிருந்தால் பூசும் இயந்திரத்திலேயே லேசாக இன்னொரு முறை கொரோனா கொடுத்து மீட்கலாம். ஃபிலிம் வார்த்த அன்றே ஒருமுறை பட்டிருந்தால்தான் அது எளிதாக மீளும். படாமல் கிடந்த பழைய ரோலை, விலை எவ்வளவு குறைந்தாலும் இதற்கென்று வாங்காதீர்கள்.