வண்ணாரப்பேட்டையில் பேனர் வரைந்த பெரிய தாத்தாவை எப்படித் தேடுவது?

தாத்தாவின் அண்ணன் 1950களில் சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் சினிமா பேனர் வரைந்தார், அப்புறம் தகவலே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் சிக்கல் பெயர்தான். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் இனிஷியல் மட்டும். ஆங்கிலப் பதிவேடுகளில் ஒரே ஆள் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் இருப்பார். தெருவிலோ பட்டப்பெயர்தான் செல்லுபடி. வீட்டில் வயதான அத்தை யாராவது இருந்தால் இந்த வாரமே போய்ப் பேசுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை, புகைப்படத்தின் பின்பக்கம் எதையும் விடாதீர்கள்.

பேனரில் பெரும்பாலும் அதை வரைந்து கொடுத்த கம்பெனியின் பெயர்தான் இருக்கும், தூரிகை பிடித்தவர் பெயர் இருக்காது. அதனால் ஆளைவிட கம்பெனியைத் தேடுவது சுலபம். அச்சடித்த வினைல் பேனர் வந்து அந்தத் தொழில் படுத்துவிட்டது, சரி. ஆனாலும் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் பழைய போர்டு எழுதுகிறவர்களை விசாரியுங்கள்; யார் யாரிடம் தொழில் கற்றார் என்பது அவர்களுக்கு நினைவிருக்கும்.

முறையாகப் படித்தவர் என்றால், 1850ல் தொடங்கிய எழும்பூர் ஓவியக் கல்லூரியில் கேட்கலாம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு நல்ல துப்பு. பெற்றோரோடு பல பதிவேடுகளில் ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். இறப்புப் பதிவுக்கு மாநகராட்சி. ஆண்டு தெரியாவிட்டால் அலைச்சல்தான்.