டாக்பெர்ரியைப் பார்த்து நாம் சிரிப்பது சரியா?

கேள்வி: ஷேக்ஸ்பியரின் 'மச் அடூ அபவுட் நத்திங்' நாடகத்தில் வரும் ஊர்க்காவல் தலைவன் டாக்பெர்ரி, படிப்பில்லாத ஓர் ஏழையைக் கேலி செய்வதற்காகவே படைக்கப்பட்டவன் என்று தோன்றுகிறது. இதை அதிகாரத்தின் மீதான அங்கதம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

பதில்: அவன் ஏழை இல்லை. தனக்குச் சொந்த வீடு இருப்பதையும், இரண்டு மேலங்கிகள் இருப்பதையும் அவனே மேடையில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறான். அக்கால இங்கிலாந்தில், ஊதியம் இல்லாத அந்தப் பொறுப்பை ஊரின் குடித்தனக்காரர்களே முறைவைத்து ஓராண்டு ஏற்றுச் செய்ய வேண்டியிருந்தது. கதை நடப்பது சிசிலியின் மெஸ்ஸினா நகரம் என்றாலும், மேடையில் தடியோடு வந்து நின்றவர்களை லண்டன் ரசிகர்கள் தங்கள் தெருவிலேயே பார்த்திருப்பார்கள்.

அவன் தன் ஆட்களுக்குப் பணி விளக்கும் காட்சியைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். இளவரசரின் பெயரால் யாரையும் நிறுத்தலாம் என்கிறான். நிற்க மறுத்தால் என்ன செய்வது என்று ஒருவன் கேட்க, அவனைக் கண்டுகொள்ளாமல் போகவிட்டு, ஓர் அயோக்கியன் தொலைந்தான் என்று கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள் என்று பதில் வருகிறது. தனக்குத் தொல்லை வராமல் இருப்பதே கடமையைச் செய்வதாகும் என்ற இந்த எண்ணத்தைத்தான் ஷேக்ஸ்பியர் குறிவைக்கிறார். அது படிப்பில்லாதவர்களிடம் மட்டும் காணப்படுவதன்று.

இது வெறும் கற்பனையும் அன்று. அரசி முதலாம் எலிசபெத்தைக் கொல்ல 1586இல் சதி செய்த பாபிங்டன் கூட்டத்தாரைத் தேடிய நாட்களில், அரசியின் முதன்மை அமைச்சர் பர்லி பிரபு பயணம் செய்த வழியெங்கும் காவலர்கள் கும்பல் கும்பலாக நின்றிருந்தார்கள். மழைக்கு ஒதுங்கியிருக்கிறார்கள் என்றே முதலில் நினைத்தவர், மழையே இல்லாத என்ஃபீல்டில் பத்துப் பன்னிரண்டு பேரைக் கண்டு விசாரித்தார். மூன்று இளைஞர்களைப் பிடிக்க நிற்கிறோம் என்றார்கள். என்ன அடையாளம் என்று கேட்டால், ஒருவனுக்கு வளைந்த மூக்கு என்பதைத் தவிர அவர்களுக்கு வேறொன்றும் தெரியவில்லை. இப்படி வெளிப்படையாக நின்றால் தேடப்படுகிறவன் கிட்டவே வரமாட்டானே என்று நொந்துபோய், அமைச்சர் வால்சிங்கத்துக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது.

மேலிடத்தை நேராகச் சாடுவது அந்நாளில் ஆபத்தான காரியம். நாடகப் பிரதிகளை அரசவை அதிகாரி எட்மண்ட் டில்னி படித்து அனுமதி தர வேண்டியிருந்தது. 1597இல் ஒரு நாடகத்துக்காக நாடகாசிரியர் பென் ஜான்சன் சிறைக்கே போனார். ஆனாலும் மேலே இருப்பவர்களை ஷேக்ஸ்பியர் விட்டுவிடவில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆளுநர் லியோனாட்டோவின் மகள் ஹீரோ என்பவள் மீது வீண்பழி சுமத்திய சதியில் பங்கேற்ற பொராச்சியோவை அந்தக் காவலர்கள்தான் பிடிக்கிறார்கள். அவளுடைய திருமண நாள் காலையில் டாக்பெர்ரி அதைச் சொல்ல லியோனாட்டோவிடம் போகிறான். 'சந்தேகத்துக்குரிய இருவரைப் பிடித்தோம்' என்று சொல்ல வேண்டியவன், சொல் குழம்பி, 'மங்களகரமான இருவரைப் புரிந்துகொண்டோம்' என்கிற அளவில் உளறுகிறான். அவசரத்தில் இருக்கும் ஆளுநரோ, நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். கால் நாழிகை காது கொடுத்திருந்தால் அவருடைய சொந்த மகள் தேவாலயத்தில் அத்தனை பேர் முன்னிலையில் அவமானப்பட்டிருக்க மாட்டாள். டாக்பெர்ரியின் உளறலுக்குச் சிரிக்கும் நாம், அந்த அலட்சியத்தை எளிதில் கவனிக்கத் தவறிவிடுகிறோம்.

பிடிபட்ட பொராச்சியோ கடைசியில் இளவரசர் டான் பெட்ரோவின் முகத்துக்கு நேராகவே இதைச் சொல்கிறான்: உங்கள் அறிவால் கண்டுபிடிக்க முடியாததை இந்த அற்ப முட்டாள்கள் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதன் பிறகுதான் லியோனாட்டோ, டாக்பெர்ரியின் அக்கறைக்கும் நேர்மையான உழைப்புக்கும் நன்றி சொல்லி, கையில் பணம் கொடுத்து அனுப்புகிறார்.