வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை: கோச்சிங்குக்குப் பணம் கட்டுமுன்…

கேள்வி: வெளிநாட்டுக்குக் குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது. 8 வயது மகன் வீட்டில் ஓயாமல் பேசுகிறான். பள்ளியில் ஒரு வார்த்தை கிடையாது. வீட்டிலும் பள்ளி மொழியிலேயே பேசச் சொல்கிறார் டீச்சர். ஒரு பயிற்சி மையம் ‘மூன்றே மாதத்தில் சரளம்’ என்று உத்தரவாதம் தந்து முன்பணம் கேட்கிறது. சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். புது மொழிக்குள் வந்து விழுந்த பிள்ளைகள் பலர் முதலில் சில மாதங்கள் காதை மட்டும் திறந்து வைத்திருப்பார்கள். அதற்கு ‘மௌன காலம்’ என்றே பெயர். ஆறு மாதம் வரை நீள்வது சகஜம். இது தானாகக் கலையும் நேரத்தில் கோச்சிங்காரர் உள்ளே வந்து, பிள்ளை பேசியதும் ‘பார்த்தீர்களா, எங்கள் வேலை!’ என்பார். நாள் குறித்து உத்தரவாதம் தருகிறவரிடம் முன்பணம் கட்டவே கட்டாதீர்கள். வகுப்பில் அரட்டையடிக்கும் அளவு மொழி வரவே சுமார் 2 ஆண்டு ஆகும்; பாடப்புத்தக மொழிக்கு 5 ஆண்டுக்கு மேல். மூன்று மாதத்தில் என்ன சரளம்?

டீச்சரின் யோசனையையும் ஏற்காதீர்கள். வீட்டில் தாய்மொழியை நிறுத்தினால், அவன் தாராளமாகப் பேசும் ஒரே இடமும் போய்விடும்.

மாற வேண்டியது வகுப்பறை. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் கண்டார். மூன்று நொடி பொறுத்தாலே பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். உங்கள் மகனோ கேள்வியைப் புரிந்து, பதிலைத் தாய்மொழியில் யோசித்து, அதை மாற்றி முடிப்பதற்குள் டீச்சர் அடுத்த பையனிடம் போயிருப்பார். இத்தனை ஆண்டு கழித்தும் இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்பதுதான் எரிச்சல்! பள்ளிகளுக்குப் படிவம் நிரப்பத் தெரிகிறது, மூன்று நொடி பொறுக்கத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். பள்ளியில் தாய்மொழி தெரிந்த பிள்ளை இருந்தும் அவனிடமும் பேசுவதில்லையா? வீட்டுக்கு வந்த உறவினர் முன்னால், அதுவும் சொந்த மொழியிலேயே, உறைந்து நிற்கிறானா? கழிப்பறைக்குப் போகணும் என்றுகூடக் கேட்காமல் அடக்கிக்கொண்டு இருக்கிறானா? ஊரிலிருந்த பழைய பள்ளியிலும் இப்படித்தானா? அப்படியென்றால் மொழிப் பிரச்சினை என்று தள்ளிப்போடாதீர்கள். செலக்டிவ் மியூட்டிசம் என்ற பதற்றக் கோளாறாக இருக்கலாம். குழந்தைகள் உளவியல் நிபுணரிடம் போங்கள். பிடிவாதம் என்று திட்டுவதும், ‘பேசினால் சாக்லேட்’ என்று எல்லார் முன்னாலும் பேரம் பேசுவதும் இறுக்கத்தைக் கூட்டும். ஆளில்லாத வகுப்பறையில் நீங்களும் அவனும் விளையாடிப் பேசுவது, ஆசிரியர் முதலில் வாசலில் நிற்பது, அப்புறம் மெல்ல உள்ளே வருவது, இப்படித்தான் சிகிச்சை நகரும். வகுப்பைக் கவனிக்கிறான், சைகையில் பதில் சொல்கிறான், விளையாட்டில் கலந்துகொள்கிறான் என்றால் இந்தக் கவலை இப்போதைக்கு வேண்டாம்.

சரி, டீச்சரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: நாளை அவனிடம் கேட்கப்போகும் ஒரே ஒரு கேள்வியை இன்றே எழுதி அனுப்பட்டும். மகன் பதிலை வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வரட்டும். முழு வகுப்புக்கு முன் வேண்டாம், முதலில் பக்கத்து இருக்கைப் பிள்ளையிடம் சொன்னால் போதும். ‘பாருங்க, இவன் பேசிட்டான்!’ என்று வகுப்பே கைதட்ட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.