நீலம் கணுக்காலுக்கு இறங்கிவிட்டதே, சிஸ்டர்!

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. நாலு நாளைக்கு முன் மழையில் முற்றத்துப் பாசியில் வழுக்கி, முழங்காலுக்குக் கீழே துவைகல்லில் இடித்துக்கொண்டார்கள். எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை, நடக்கிறார்கள். ஆனால் நீலம் இப்போது கணுக்கால் வரை இறங்கிவிட்டது, ஓரமெல்லாம் மஞ்சள். உள்ளே இன்னும் ரத்தம் கசிகிறதா? வர்ம வைத்தியம் பார்க்கிற ஆசானிடம் கொண்டுபோய்த் தடவச் சொல்கிறார்கள் பக்கத்து வீட்டில். அம்மா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள்.
- வாசகி, தக்கலை

பதில்: பதறாதீர்கள் மக்களே. வார்டில் இருந்தபோது, ரப்பர் பால் வெட்டப் போன இடத்தில் சறுக்கித் தொடையில் அடிபட்ட ஒருவர் வந்தார். ஒரு வாரம் கழித்து, "சிஸ்டர், முட்டும் நீலமாகிப் போச்சு" என்று திரும்ப ஓடி வந்தார். முட்டில் ஒரு கீறல்கூட இல்லை. தோலுக்கடியில் கசிந்த ரத்தம் தண்ணீர் மாதிரிதான், பள்ளத்தைப் பார்த்து இறங்கும். மஞ்சள் நல்ல அறிகுறி. ரத்தத்தின் சிவப்பு சிதைந்து பச்சையாகி, அப்புறம் மஞ்சளாகும். காமாலையில் கண்ணில் தெரிகிற அதே பொருள்தான் அது. சாதாரணமாக இரண்டு வாரத்தில் மறையும். வயதானவர்களுக்கு, அதுவும் காலில், கூடுதல் நாள் பிடிக்கும்.

ஐஸ் வைக்கிற நாள் தாண்டிவிட்டது. முதல் இரண்டு நாள்தான் அதற்கு. ஐஸைத் துவர்த்தில் (துண்டில்) பொதிந்து 15 நிமிடம் வைத்து எடுத்து, ஒன்றிரண்டு மணி நேரம் விட்டு மறுபடி வைக்க வேண்டும். இனி வெந்நீர் ஒத்தடம், நாளுக்கு மூன்று தடவை, பத்து நிமிடம் போதும். துணியை உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள், உங்களுக்கு இதமாக இருந்தால்தான் அம்மாவுக்கு. சர்க்கரை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டென்றால் காலில் சூடு உறைக்காமல் போகலாம், வெந்து கொப்பளித்த பிறகுதான் தெரியும். அப்படியானால் ஒத்தடமே வேண்டாம். படுக்கும்போது இரண்டு தலையணைமேல் காலைத் தூக்கி வையுங்கள். நான் பார்த்தவரை, இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் குறைவு.

புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். என் அம்மாவும் போட்டவள்தான். அதில் வேலை செய்வது பெரும்பாலும் சூடு என்பது என் எண்ணம். தோல் உரிந்திருந்தால் கூடாது, வயதானவர்களின் மெல்லிய தோலில் கொதிக்கக் கொதிக்க வைக்கவே கூடாது.

ஆசான் விஷயம். எங்கள் தெருவில் இருந்த ஆசான், புது அடியோடு வருகிறவர்களை "வீக்கம் வத்தட்டு, பிறகு வா" என்று திருப்பி அனுப்புவார். புது ரத்தக்கட்டை அழுத்தித் தடவினால் உடைந்த நாளம் மறுபடி கசியும். அம்மா அந்த மாத்திரையும் சாப்பிடுவதால் தடவல் இப்போது வேண்டவே வேண்டாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது இதைவிடப் பெரிய ஆபத்து. வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை வேண்டாம், கடைக்காரர் நல்லதென்று எடுத்துத் தந்தாலும்.

கட்டி பெரிதாகிக்கொண்டே போனாலோ, கெண்டைக்கால் கல்லாக இறுகி வலித்தாலோ, பாதம் மரத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடிபட்ட காலைத் தவிர வேறு இடத்தில் நீலம் வந்தாலும், ஈறில் ரத்தம் வந்தாலும், மலம் கறுத்துப் போனாலும் அப்படித்தான். விழுந்தபோது தலையும் இடித்ததா என்று அம்மாவிடம் இன்னொரு தடவை கேளுங்கள். நம் அம்மாமார் அதை மறைப்பார்கள். இடித்திருந்தால், இப்போது ஒன்றும் தெரியாவிட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும்.

கேள்வி: பந்து விளையாடி மகனின் தொடை கன்றிவிட்டது. நாளைக்கு மேட்ச் இருக்கிறது என்கிறான். என்ன தடவலாம்?
- வாசகர், தூத்தூர்

பதில்: ஒன்றும் தடவ வேண்டாம். ஐஸ் வையுங்கள், பூட்ஸை ஒளித்து வையுங்கள்.