தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பாத விடுமுறை

கேள்வி: அம்மா, நான் பாலக்கோடு வட்டத்தைச் சேர்ந்தவள். வயது 36. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான ஓர் ஆலோசனை மையத்தில் ஆறு ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் ஆற்றுப்படுத்துநராக வேலை பார்க்கிறேன். காலை எட்டரை மணிப் பேருந்தில் போனால் வீடு திரும்ப இரவு ஏழு ஆகிவிடும். குழந்தைத் திருமணம், குடும்ப வன்முறை, போக்சோ வழக்குகள் என்று நாள் முழுவதும் கேட்கிறேன். ஓராண்டாகச் சரியான தூக்கம் இல்லை. அந்தப் பிள்ளைகள் சொன்னவை, நானே நேரில் பார்த்தது போலக் கண் முன் வந்து நிற்கின்றன. பேருந்தில் யாராவது பின்னால் வந்து நின்றாலே உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது. வீட்டில் யாரோடும் சிரித்துப் பேச முடியவில்லை. குடும்பத்தையாவது கவனிப்போம் என்று இந்தக் கோடை விடுமுறையில் பதினோரு வயது மகளை என்னுடனேயே வைத்துக்கொண்டேன். வழக்கமாகக் காவேரிப்பட்டணத்தில் என் தம்பி வீட்டுக்குப் போவாள். இந்த முறை கணினி வகுப்பு இருக்கிறது என்று சொல்லி அனுப்பவில்லை. இரண்டு நாள் அழுதாள், பிறகு சமாதானமாகிவிட்டாள். தம்பி தங்கமானவன், ஒன்றும் நினைக்கவில்லை. கணவர் ஓசூரில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறார், வாரம் ஒருமுறை வருவார். மேலதிகாரி யோகா வகுப்புக்குப் போகச் சொல்கிறார். மாமியார் வேலையை விடச் சொல்கிறார். நான் எதைச் செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் தூக்கத்தைப் பற்றியும் கண் முன் வரும் காட்சிகளைப் பற்றியும் விரிவாகவே எழுதியிருக்கிறீர்கள். காவேரிப்பட்டணத்தைப் பற்றி இருப்பது ஒரே ஒரு வரி, அதுவும் போகிற போக்கில் எழுதியது. நான் மேலே படிக்க முடியாமல் நின்றது அந்த வரியில்தான்.

மகளை "என்னுடனேயே வைத்துக்கொண்டேன்" என்கிறீர்கள். எங்கே வைத்துக்கொண்டீர்கள்? எட்டரைக்குப் புறப்பட்டு ஏழு மணிக்கு வந்து, வந்த பிறகும் யாரோடும் சிரித்துப் பேச முடியாதவர் நீங்கள். மே மாதம் முழுவதும் அந்தப் பிள்ளை பாட்டியோடும் தொலைக்காட்சியோடும்தான் இருந்திருப்பாள். ஆகவே அவள் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக நீங்கள் நிறுத்தவில்லை. அங்கே போகக் கூடாது என்பதற்காக நிறுத்தினீர்கள். கணினி வகுப்பு நடந்ததாகவும் கடிதத்தில் இல்லை, "இருக்கிறது என்று சொல்லி" என்றுதான் இருக்கிறது. பொய் சொல்லிப் பழகாதவர்களின் எழுத்து இப்படித்தான் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

காரணம் உங்களுக்குத் தெரியும், எழுதத்தான் கை வரவில்லை. நான் எழுதுகிறேன். தருமபுரியானாலும், 2004 வரை அதன் பகுதியாக இருந்த கிருஷ்ணகிரியானாலும், அக்காள் மகளைக் கட்டிக்கொள்வது தாய்மாமனின் உரிமை என்று தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்டுவந்த மண் இது. பெண்ணுக்குப் பதினெட்டு வயது நிறைய வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் சொன்ன பிறகும், பென்னாகரத்து மலையோரத்திலிருந்தும் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும், ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தி மாமனுக்கே கட்டிவைக்கப்பட்ட பெண், கர்ப்பத்தோடு மருத்துவமனைக்கு வரும்போது விஷயம் வெளியே தெரிந்து, போக்சோ வழக்காகி, உங்கள் மேசைக்கு முன்னால் வந்து உட்காருகிறாள். ஆறு ஆண்டுகளாக "மாமன், மாமன்" என்று தேம்புகிற பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டு, அந்தச் சொல்லே உங்கள் காதில் திரிந்துபோய்விட்டது. உங்கள் மகள் "மாமா வீட்டுக்கு எப்போது போகலாம்" என்று கேட்டபோது, உங்களுக்குக் கேட்டது வேறொரு பிள்ளையின் குரல்.

இங்கே ஒன்றை நேராகவே கேட்டுவிடுகிறேன். உங்கள் தம்பியின் நடத்தையிலோ பேச்சிலோ, அல்லது மகள் எப்போதோ சொன்ன ஒரு வார்த்தையிலோ, உங்களுக்கு உறுத்தல் தந்தது ஏதேனும் உண்டா? உண்டு என்றால் இந்தப் பக்கத்தை இதோடு மூடிவைத்துவிட்டு, உங்களைத் தேடி வரும் தாய்மார்களுக்கு என்ன சொல்வீர்களோ அதை நீங்களே செய்யுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளைகளைப் பாலியல் துன்பத்துக்கு ஆளாக்குகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரிய இடத்தில் இருப்பவர்கள் என்று 2007இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வே சொல்லியிருக்கிறது. உறவு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று சொல்கிற கிழவி நான் இல்லை.

ஆனால் அப்படி ஒன்றும் இல்லையென்றால், நீங்கள் செய்திருப்பது என்ன? முகம் தெரியாத ஒருவன் செய்த குற்றத்துக்கு, உடன்பிறந்தவனை விசாரணையே இல்லாமல் தண்டித்திருக்கிறீர்கள், அதுவும் தண்டனை என்றே அவனுக்குத் தெரியாதபடி. பள்ளி பள்ளியாகப் போய் நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லித்தருகிற வேலையில் இருப்பவர், சொந்த மகளை உட்காரவைத்து அதைச் சொல்லியிருந்தால் அது எச்சரிக்கை. தாய் செய்ய வேண்டியதும் அதுதான். அதை விட்டுவிட்டு ஒரு பொய்யைச் சொல்லி வாசலை அடைத்திருக்கிறீர்கள். உங்கள் நோய் நன்றாக முற்றியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது தூக்கம் போனதால் அன்று, இதனால்தான்.

நோய் என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதினேன். கொடுமைக்கு ஆளானவர்களின் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பவருக்கு, அதைத் தாமே பட்டவருக்கு வருகிற அறிகுறிகள் வருவதை இரண்டாம்நிலை மனக்காய அழுத்தம் என்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் சார்லஸ் ஃபிக்லி 1995இல் இதைப் பற்றி விரிவாக எழுதியபோது பரிவுச் சோர்வு என்ற பெயரையும் பயன்படுத்தினார். பணியின் பொருட்டுக் கொடுமைகளின் விவரங்களை மீண்டும் மீண்டும் எதிர்கொள்வதும் மனக்காயத்துக்குக் காரணமாகலாம் என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் தன் நோய் வரையறையில் சேர்த்துக்கொண்டது. வேலைப் பளுவால் மெல்ல மெல்ல வருகிற பணிச் சோர்வு வேறு. அது விடுப்பு எடுத்தால் கொஞ்சம் தணியும். இது விடுப்பிலும் கூடவே வந்து வீட்டில் உட்கார்ந்துகொள்ளும். இதற்கும் ஆழமான ஒன்றை மெக்கேன், பேர்ல்மேன் என்ற இருவர் 1990இலேயே சொன்னார்கள். பிறர் துயரைக் கேட்கும் வேலையில் நெடுநாள் இருப்பவருக்கு உலகத்தைப் பற்றிய எண்ணமே மாறுகிறது. பாதுகாப்பு, நம்பிக்கை, தன் கையில் எதுவும் உண்டு என்ற உணர்வு, மதிப்பு, நெருக்கம் ஆகிய இடங்களில் அடி விழுகிறது. உங்களுக்கு அடி விழுந்தது நம்பிக்கையில். நீங்கள் எழுதிக்கொண்டிருப்பதோ தூக்கத்தைப் பற்றி.

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் இது புதிது இல்லை. தொப்பூர் கணவாயில் விபத்துக்கு ஓடுகிற 108 ஊழியர் ஒருவர், கல்லூரி போகும் மகனை மிதிவண்டியைக்கூடத் தொடவிடுவதில்லை என்று எழுதியிருந்தார். பிரசவ வார்டில் வேலை பார்க்கும் செவிலியர் ஒருவர், நல்ல வரன் வந்தும் மகளின் கல்யாணத்தைத் தள்ளிக்கொண்டே போகிறார். இவர்கள் எல்லாரும் தங்களுக்குத் தூக்கம் இல்லை என்றுதான் எழுதுகிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் கொடுக்கிற விலையைக் கடைசியில் ஒரு வரியாகச் சேர்க்கிறார்கள்.

உங்கள் மேலதிகாரிக்கும் ஒரு வார்த்தை உண்டு. யோகா நல்லதுதான், மூச்சுப் பயிற்சியால் உடம்பின் படபடப்பு குறையும். ஆனால் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே பொங்குகிற உலைக்கு விசிறி வீசச் சொல்வது போன்ற யோசனை அது. நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. ஒரே நாளில் எத்தனை போக்சோ பிள்ளைகளை ஒருவரே கேட்கிறார், அவற்றுக்கு இடையே இலகுவான வேலை ஏதாவது தரப்படுகிறதா, பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது அனுபவமுள்ள மூத்த ஆற்றுப்படுத்துநர் ஒருவர் உங்களோடு உட்கார்ந்து, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கேட்காமல், அந்த வழக்கு உங்களை என்ன செய்தது என்று கேட்கிறாரா? ஆறு ஆண்டுகளில் ஒருவர்கூடக் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. இதை வாயால் சொல்லாமல் எழுத்தில் கேளுங்கள், உடன் வேலை பார்ப்பவர்களின் கையெழுத்தோடு கேளுங்கள். தொகுப்பூதியக்காரர் கேட்கலாமா என்று தயங்க வேண்டாம். காய்ச்சல் வந்தால் கேட்கமாட்டீர்களா?

ஆற்றுப்படுத்துநர் என்று உங்கள் பணிக்குப் பெயர் வைத்தவர் யாரோ, தமிழ் அறிந்தவர். ஆறு என்றால் வழி. பழைய ஆற்றுப்படைகளில், வள்ளலிடம் பரிசு பெற்று வயிறார உண்டு திரும்புகிற பாணன், எதிரே பசியோடு வரும் பாணனை நிறுத்தி, இந்த வழியில் போ, இன்னாரைப் பார் என்று சொல்லி அனுப்புவான். வழி சொன்னவன் தன் வீட்டுக்குப் போய்விடுவான். எதிரே வந்தவனின் சுற்றத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு அவனும் கூடவே நடந்ததாக நான் படித்ததில்லை.

வேலையை விடச் சொல்லும் உங்கள் மாமியார் மேல் எனக்குக் கோபம் இல்லை. மருமகள் சிரித்துப் பார்த்து ஓராண்டான வீட்டில் இருப்பவர் வேறு என்ன சொல்வார்? ஆனால் இப்போது விடாதீர்கள். இந்த நிலையில் விட்டால், கேட்ட கதைகளோடும் அடைத்த வாசலோடும் வீட்டுக்குள் இருப்பீர்கள், அவ்வளவுதான் நடக்கும். முதலில் மருத்துவம். ஓராண்டு தூக்கமின்மைக்கும் கண் முன் வரும் காட்சிகளுக்கும் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். பேச்சு வழிச் சிகிச்சையும், தேவையானால் மருந்தும் இதற்கு உண்டு. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே தெரிந்த முகங்கள் இருக்கும், பெண்களை அழைத்துப் போகிற இடத்துக்கு நானே நோயாளியாகப் போவதா என்று கூச்சமாக இருந்தால், ஓசூரைத் தாண்டினால் பெங்களூரில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. அதுவரை பொறுக்க முடியாத இரவில் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை அது. கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். ஊராருக்கெல்லாம் இந்த எண்ணை எழுதிக்கொடுத்திருப்பீர்கள். ஒருமுறையாவது நீங்கள் அழைத்ததுண்டா?

வெளியே சொல்லக் கூடாத வேலை, வீட்டில் எப்படிப் பேசுவது என்பீர்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையின் அடையாளத்தைச் சட்டம் காக்கச் சொல்கிறது. காக்கத்தான் வேண்டும், கணவரிடமும்கூட. ஆனால் காக்க வேண்டியது அந்தப் பிள்ளையின் பெயரையும் ஊரையும் கதையையும். உங்கள் பயம் உங்களுடையது, அதற்கு எந்தச் சட்டமும் முத்திரை வைக்கவில்லை. மகளை ஏன் அனுப்பவில்லை என்பது ஓசூரிலிருந்து வாரம் ஒருமுறை வரும் அவருக்காவது தெரியுமா? தெரியாது என்றே நினைக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுங்கள்.

மகள் "சமாதானமாகிவிட்டாள்" என்பதையும் நான் ஒப்பவில்லை. பதினோரு வயதுப் பிள்ளைக்குக் காரணம் சொல்லாவிட்டால், அவளாக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்வாள். மாமாவுக்கு என்மேல் கோபமோ, நான் ஏதாவது தப்புச் செய்தேனோ என்றுதான் அது இருக்கும். அந்தத் தம்பியின் மடியில் உட்காரவைத்துத்தானே அவளுக்குக் காது குத்தியிருப்பீர்கள்? இன்னும் இரண்டு மூன்று ஆண்டில் அவள் பெரியவளாகும்போது, பச்சை ஓலை கட்டவும் சீர் வரிசை கொண்டுவரவும் யாரை எதிர்பார்ப்பீர்கள்? தாய்மாமன் உறவைக் கெடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக, அதை ஒழுங்காகக் காக்கிறவனை விட்டுக்கொடுத்தால், உங்கள் மகளுக்குக் கைகொடுக்கிற ஆட்களில் ஒருவர் குறைந்துபோவார். உங்கள் மையத்துக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு அப்படிக் கைகொடுக்க ஒருவரும் இருக்கவில்லை என்பதை என்னைவிட நீங்கள் அறிவீர்கள்.

தம்பியிடம் உன்னைச் சந்தேகப்பட்டேன் என்று சொல்லி அவர் நெஞ்சில் கத்தியைச் செருக வேண்டாம். கணினி வகுப்பு என்று சொன்னது பொய், இந்த வேலை என் தலைக்குள் புகுந்துவிட்டது, எந்த வீட்டுக்கும் பிள்ளையை அனுப்பப் பயமாக இருந்தது, மருத்துவரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லுங்கள். அவர் புரிந்துகொள்ளலாம், இரண்டு வார்த்தை கோபமாகவும் பேசலாம். கோபப்பட்டால் அக்காளாக இருந்து வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி திறந்துவிட்டது, பதினைந்து நாள் தங்குகிற விடுமுறை இனி அடுத்த ஆண்டுதான். ஆனால் பாலக்கோட்டிலிருந்து காவேரிப்பட்டணம் ஒன்றும் கண்காணாத தூரம் இல்லை. வருகிற சனிக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு நீங்களும் போய் ஓர் இரவு தங்குங்கள். செந்தூராவும் அல்போன்சாவும் முடிந்திருக்கும். நீலம் இன்னும் மரத்தில் இருக்கும்.