நூலாய் ஒழுகும் தண்ணீர், காலில் வெள்ளைப் பொடி: இன்ஜினை மாற்றணுமா?

தாராவியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மச்சானோடு சேர்ந்து 9.9 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் இன்ஜின்) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, மாஹிமில் ஒரு சின்ன ஃபைபர் படகில் மாட்டி ஓட்டுகிறார்கள். நாலு மாதம்தான் ஆகிறது. இன்ஜினைக் குளிர்வித்துவிட்டுப் பின்னால் பீச்சியடித்த தண்ணீர் இப்போது நூல் மாதிரி ஒழுகுகிறது, இன்ஜினின் காலில், அதாவது கடலுக்குள் இறங்கும் கீழ்ப்பகுதியில், பெயிண்ட் கொப்பளித்து உள்ளே வெள்ளைப் பொடி. வாங்கிக்கொடுத்த தரகரே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து, "ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) போச்சு, இதைக் கொடுத்துட்டு மேலே 70,000 போடுங்க, வேற தர்றேன்" என்கிறாராம்.

பணத்தை எடுக்காதீர்கள் தம்பி. ஆனால் தண்ணீர் சரியாகும்வரை படகையும் எடுக்காதீர்கள்.

முதலில் அந்தத் தண்ணீர் வரும் ஓட்டையில் கெட்டித் தூண்டில் நரம்பு ஒரு துண்டை விட்டுக் குடையுங்கள். உப்பு அடைத்துக்கொள்வது அங்கேதான் அதிகம். அடுத்து, காலில் தண்ணீரை உறிஞ்சும் சல்லடை. மித்தி நதி கொண்டுவந்து கொட்டும் பிளாஸ்டிக் பை எல்லாம் மாஹிம் கடலில்தான் மிதக்கிறது, ஒரு கிழிசல் ஒட்டிக்கொண்டாலே போதும். இரண்டும் சுத்தமாக இருந்தும் தண்ணீர் மெலிந்தே வந்தால் வாட்டர் பம்ப்பைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே இம்பெல்லர் என்று ஒரு ரப்பர் பூ இருக்கும். அதன் இதழ்கள் ஒரே பக்கமாக வளைந்து விறைத்துப்போயிருந்தால் ஆயுள் முடிந்தது. வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள் அது. இதழில் துண்டு காணாமல் போயிருந்தால் புதுசு போட்டு மூடிவிடாதீர்கள், அந்தத் துண்டு மேலே தண்ணீர் போகும் வழியில் எங்கேயோ சிக்கியிருக்கிறது, அதைத் தேடி எடுக்கணும். தண்ணீர் இல்லாமல் தரையில் வைத்து "சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறேன்" என்பவரை அருகிலேயே விடாதீர்கள், சில நொடிகளில் ரப்பர் கருகிவிடும்.

வெள்ளைப் பொடி என்பது அலுமினியம் அரிப்பது. காலில் ஜிங்க் என்று ஒரு கட்டி மாட்டியிருப்பார்கள், அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் கரைவதுதான் அதன் வேலை. விற்கிற ஆட்கள் செய்யும் வேலை என்ன தெரியுமா? இன்ஜினைப் புதுசு மாதிரி காட்ட எல்லாவற்றுக்கும் மேலே ஸ்ப்ரே அடிப்பார்கள், ஜிங்க்கையும் சேர்த்து. பெயிண்ட் மூடிய ஜிங்க் கரையாது, கால்தான் கரையும். ஆணியால் கீறிப் பாருங்கள், பெயிண்ட் உரிந்து வந்தால் உங்கள் நாலு மாதம் எங்கே போனது என்று தெரிந்துவிடும். பாதி கரைந்திருந்தாலும் மாற்றுங்கள். மக்னீசியம் கட்டியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது ஏரிக்கு, கடலில் சீக்கிரமே கரைந்துவிடும். படகின் அடிக்கு அடிக்கும் செம்பு கலந்த பெயிண்டைக் காலில் பூசவே கூடாது.

ஒவ்வொரு முறை கரை வந்ததும் நல்ல தண்ணீரில் 10 நிமிடம் ஓட்டுங்கள். உள்ளே தெர்மோஸ்டாட் என்று ஒரு குட்டிக் கதவு, சூடானால்தான் திறக்கும். இரண்டே நிமிடத்தில் நிறுத்தினால் உப்பு உள்ளேயே காய்ந்து கல்லாகும்.

"நல்ல தண்ணீருக்கு எங்கே போவது?" என்பீர்கள். நியாயம்தான். புது இன்ஜினுக்கு மானியம் வாங்கித் தருகிறேன் என்று படிவத்தை நீட்ட நாலு பேர் வருவார்கள், கரையில் ஒரு குழாய் போடச் சொன்னால் அந்த ஆபீஸ் இந்த ஆபீஸைக் காட்டும். அதனால் 200 லிட்டர் டிரம் ஒன்றின் மேல்பக்கத்தை வெட்டி, சல்லடை நன்றாக முழுகும் அளவுக்கு நிரப்பி, ப்ரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, நியூட்ரலில், திறந்த வெளியில் ஓட்டுங்கள். அதே தண்ணீரை ஒரு வாரம் வைத்து ஓட்டாதீர்கள், மூன்றாவது நாளே அது உப்புத் தண்ணீர்தான். கரையோரம் போர்வெல் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரித்தால் கழுவியும் பலனில்லை. டாங்கர் தண்ணீர் பரவாயில்லை. எதுவுமே கிடைக்காத நாளில்? காலைக் கடலிலிருந்து தூக்கி, இன்ஜினைக் கழற்றி நிமிர்த்தி வைத்து உள்ளே இருப்பதை வடியவிடுங்கள், மறுநாள் கழுவிக்கொள்ளலாம். அந்த மறுநாள் அடுத்த வாரம் ஆகக்கூடாது, அவ்வளவுதான்.

ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் கார்புரேட்டரில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், நம் ஊர் மழைக் காற்றின் ஈரத்தை அப்படியே குடித்துக்கொள்ளும்.

சரி, ஹெட் உண்மையிலேயே போயிருந்தால்? வேறொரு மெக்கானிக்கிடம் சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால், பெரும்பாலும் ஹெட்டில் ஒன்றுமில்லை. கேஜ் வைக்காமல் காதால் கேட்டே தீர்ப்பு சொன்னவர் தரகரின் ஆள், உங்கள் ஆள் இல்லை.

பம்ப் மாற்றிய பிறகு முதல் இரண்டு நாள் கரையைவிட்டு அதிக தூரம் போகாதீர்கள். ஆள் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் கயிறு மணிக்கட்டில் இருக்கட்டும், படகில் இரண்டு துடுப்பும் ஒரு நங்கூரமும். கடல் வற்றி வெளியே இழுக்கும் நேரத்தில் இன்ஜின் நின்றால் மாஹிம் வளைகுடாவிலிருந்து வெளியேதான் தள்ளும்.